மிருதங்கத்தில் மணல் தூவிய மேதை

 

சர் சி.வி. ராமன் என்றாலே நோபல் பரிசு என்போம். அவர் நம்ம ஊர்க்காரர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டினால் திருவானைக்காவல் வரும். அங்கேதான் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர், தாய் பார்வதி அம்மாள். அப்பாவுக்கு விசாகப்பட்டினம் கல்லூரியில் வேலை கிடைத்ததால், சின்ன வயசிலேயே அங்கே போய்விட்டார்கள்.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-ல் பி.ஏ. தேறியபோது ராமனுக்கு வயது 15தான்! 1907-ல் எம்.ஏ. முடித்து, கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறை அதிகாரி ஆனார். ஆனால் மனசு முழுக்க அறிவியல். ஆபீசுக்கு முன்னாலும் பின்னாலும் பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில்தான் இருப்பார். 1917-ல் அந்தப் பெரிய வேலையையே விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியராகச் சேர்ந்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவருடைய மிருதங்க ஆராய்ச்சி. சாதாரண மேளத்தோலைத் தட்டினால் பல ஒலிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் கலந்து வரும். அதனால் சுருதி நிற்காது. மிருதங்கத்தில் மட்டும் எப்படி நிற்கிறது? இதைத்தான் ராமன் கேட்டார்.

தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டினார். அதிர்கிற இடத்திலிருந்து மணல் துள்ளி ஓடியது. அதிராத இடத்தில் போய் வரிசையாக நின்றது. சில தட்டுக்கு நேர்கோடு, சில தட்டுக்கு வட்டம், சில தட்டுக்கு வளைந்த கோடு! அசையாத இந்த இடங்களுக்குக் கணு என்று பெயர். கரும்புக் கணு மாதிரிதான். தோல் ஒன்பது விதமாக அதிர்ந்தாலும், அவை ஐந்து சுரங்களாக ஒத்துச் சேர்கின்றன என்று கண்டுபிடித்தார். காரணம், வலது பக்கத் தோலின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம். சோறும் கல்பொடியும் அரைத்து, பூச்சுப் பூச்சாகத் தேய்த்துப் போடுவார்கள். இதை 1920-லும், விரிவாக 1934-லும் வெளியிட்டார்.

இன்றைக்கு இன்ஜினியர்கள் இதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். ஃபைனைட் எலிமென்ட் என்று அந்த முறைக்குப் பெயர். வளைந்த கோட்டின் மேல் வரிசையாகப் புள்ளிகள் வைத்து, பொருளைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்துக் கணக்குப் போடுவார்கள். அந்தப் புள்ளிக்கும் கணு என்றுதான் பெயர். ஆனால் அது அசையாத இடம் இல்லை, கணக்குக்காக நாம் வைக்கிற அடையாளம். வட்டத்தின் ஓரத்தில் நாலே புள்ளி வைத்து நேர்கோட்டால் சேர்த்தால் சதுரம்தான் வரும். நெருக்கமாக வைத்தால்தான் வட்டம் வட்டமாக இருக்கும், விடையும் சரியாக வரும். கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் ராமனுக்கு ஒரு பிடி மணல் அந்தப் படத்தை வரைந்து காட்டியது!

நீங்களும் பார்க்கலாம். சத்திரத்தில் இன்ஜின் ஓடியபடி நிற்கிற பஸ்ஸில் உட்கார்ந்து, ஜன்னலுக்குக் கீழே இருக்கிற தகட்டைத் தொட்டுப் பாருங்கள். ஒரு இடம் கடகடவென்று அதிரும், கொஞ்சம் தள்ளி அவ்வளவாக இருக்காது.

1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவைக் கண்டுபிடித்தார். 1930-ல் நோபல் பரிசு, 1954-ல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21 அன்று பெங்களூரில் மறைந்தார். பிப்ரவரி 28-ஐத்தான் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லி முடிக்கிறேன். அந்தக் கறுப்பு வட்டத்தை முதன்முதலில் தேய்த்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. காதால் கேட்டுக் கேட்டே சரிசெய்தவர்கள் அவர்கள். அந்தக் கைவேலைக்குள் இவ்வளவு பெரிய கணக்கு இருக்கிறது என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் நம்ம திருவானைக்காவல் ராமன். அடுத்த தடவை கோயிலில் மிருதங்கம் கேட்டால், அந்தக் கறுப்பு வட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள் தோழிகளே!

– 9-ஆம் வகுப்பு மாணவி