வ. வே. சு. ஐயர்

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் (1881 - 1925) இந்திய விடுதலைப் போராட்டத்தில் ஆயுதப் புரட்சி வழியை மேற்கொண்டவரும், தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். வ. வே. சு. ஐயர் என்று பரவலாக அறியப்படுகிறார்.

வாழ்க்கை

திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் பிறந்தார். திருச்சியிலும் பின்னர் இரங்கூனிலும் வழக்கறிஞர் தொழில் செய்துவந்த இவர், பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்கத்துடன் 1907-இல் இலண்டன் சென்றார். அங்கு இந்தியா இல்லத்தில் சாவர்க்கருடன் ஏற்பட்ட நட்பு இவரைப் புரட்சியாளராக்கியது. படிப்பை முடித்தும், பிரித்தானிய அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்ததால் பட்டம் பெறவில்லை. 1910-இல் சாவர்க்கர் கைதானபின் பாரிசுக்குத் தப்பி, மாறுவேடத்தில் பயணம் செய்து அவ்வாண்டிலேயே பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அப்போது அங்கு இருந்தனர். இளைஞர்களுக்கு இவர் துப்பாக்கி சுடக் கற்பித்தார். 1911-இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதனும் அவர்களுள் ஒருவர் எனக் கூறப்படுகிறது.

எழுத்துப் பணி

இவரது முக்கிய நூல்கள் பலவும் தலைமறைவிலோ சிறையிலோ உருவானவை. முதல் உலகப் போரின்போது புதுச்சேரியிலிருந்து வெளியேற்றப்படலாம் என்ற அச்சம் சூழ்ந்த நிலையில், திருக்குறள் முழுவதையும் சில மாதங்களில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 1916-இல் வெளிவந்தது. ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915-இல் ‘விவேகபோதினி’ இதழில் வெளியானது. தந்தை செல்வமிழந்ததால் புகுந்த வீட்டாரால் கைவிடப்பட்ட ருக்மிணி என்ற இளம்பெண்ணின் கதையை மரமே சொல்கிறது. தமிழின் முதல் சிறுகதை என்று இதனைக் குறிப்பிடுவது வழக்கம். பாரதியாரின் கதைகள் முந்தியவை என்போரும், தாகூரின் வங்கக் கதையொன்றின் சாயலைச் சுட்டுவோரும் உண்டு. எனினும் ஒரே உணர்ச்சியை நோக்கிச் செல்லும் கதைக் கட்டுக்கோப்பைத் தமிழில் நிலைநாட்டியதில் இக்கதைக்கு உரிய இடத்தை மறுப்பதற்கில்லை.

போருக்குப்பின் தமிழகம் திரும்பிக் காந்திய வழியை ஏற்ற ஐயர், 1920-இல் ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார். அதில் வந்த கட்டுரைக்காக 1921-இல் கைதாகி, பெல்லாரிச் சிறையில் ஒன்பது மாதம் இருந்தார். அங்கு ஆங்கிலத்தில் எழுதிய கம்பராமாயண ஆய்வு, மறைவுக்குப் பின்னரே நூலாயிற்று.

குருகுலச் சிக்கல்

1922-இல் இவர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் சேரன்மாதேவியில் நடைபெற்றது. காங்கிரசு நிதியும் பெற்ற இந்நிறுவனத்தில், பிராமண மாணவர் இருவருக்கு மட்டும் பெற்றோர் விருப்பப்படி தனியே உணவளிக்கப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. இராமசாமியும் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். ஐயர் தனிப்பட்ட முறையில் சாதி வேறுபாடு பாராட்டாதவர் என்பர். ஆயினும் பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமபந்தி இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு அது விடையாகவில்லை. 1925-இல் பொறுப்பிலிருந்து விலகினார். ஈ. வெ. இராமசாமி அவ்வாண்டின் இறுதியில் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கு இச்சிக்கலும் ஒரு காரணமாயிற்று.

மறைவு

1925 ஜூன் மாதத்தில், பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் தவறி விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்ற முயன்றபோது, மகளுடன் நீரில் மூழ்கி இறந்தார். அப்போது அவருக்கு வயது 44.