பிரதமரின் மருமகன் கேட்ட கணக்கு: நிதியமைச்சர் பதவியைக் காலி செய்த ஃபெரோஸ் காந்தி

மாசாமாசம் உங்க அக்கவுண்ட்ல இருந்து எல்.ஐ.சி. பிரீமியம் போகுதா? அந்தப் பணம் எந்தக் கம்பெனி பங்கில் முதலீடு ஆகிறது என்று பெரும்பாலும் நாம் யோசிப்பதில்லை. 1957-ல் மக்களவையில் ஒருத்தர் அதைக் கேட்டார். கடைசியில் நாட்டின் நிதியமைச்சர் பதவியே போனது. கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர்கூட இல்லை. ஆளும் காங்கிரஸ் எம்.பி., அதுவும் பிரதமர் நேருவின் சொந்த மருமகன், ஃபெரோஸ் காந்தி.

இந்திராவின் கணவர், ராஜீவின் அப்பா என்றுதான் இன்று பலருக்கு இவரைத் தெரியும். 1912 செப்டம்பர் 12-ல் பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். மகாத்மா காந்திக்கும் இவருக்கும் உறவு எதுவும் கிடையாது. அலகாபாத்தில் வளர்ந்து, 1930-ல் சுதந்திரப் போராட்டத்தில் குதித்து, சிறை சென்றார். 1942-ல் இந்திராவுடன் திருமணம். நாடு விடுதலை பெற்ற பிறகு நேஷனல் ஹெரால்டு பத்திரிகையின் நிர்வாக இயக்குநர். 1952-ல் ரேபரேலி எம்.பி.

மக்களவைக்குப் போய் முதல் மூன்று வருஷம் இவர் பெரிதாக வாய் திறக்கவில்லை. 1955 டிசம்பரில் பேசினார் பாருங்கள், அதுதான் தொடக்கம். தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியா தன் கையில் இருந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் பணத்தைத் தன் சொந்தத் தொழில்களுக்கு எப்படித் திருப்பினார் என்று அடுக்கடுக்காக விளக்கினார். பின்னாளில் டால்மியா சிறைக்குப் போனார். 1956 ஜனவரியில் ஆயுள் காப்பீட்டுத் துறையை அரசு தன் கையில் எடுத்தது. 245 நிறுவனங்கள் சேர்ந்து, அந்த ஆண்டு செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. பிறந்தது. தேசியமயம் வேணும் என்று நினைத்தவர்களில் ஃபெரோஸும் ஒருவர். அதனால் அடுத்து நடந்தது அவருக்கு இன்னும் வலித்திருக்கும்.

பட்ஜெட்டுக்கு வெளியே இருக்கும் பணம்

பட்ஜெட் வாசிக்கிற நாளில்தான் டிவியில் பரபரப்பு. ஆனால் உண்மையான அனுமதி அதற்கப்புறம்தான். அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள் மக்களவையில் ஓட்டுக்கு வரணும், பிறகு நிதி ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறணும். நாடாளுமன்றம் இப்படிச் சட்டம் போட்டால்தான் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அரசின் பெரிய கஜானாவிலிருந்து, பணம் எடுக்க முடியும். செலவான பிறகு சி.ஏ.ஜி. தணிக்கை, அதை ஆராய பொதுக் கணக்குக் குழு.

எல்.ஐ.சி. பணம் இந்த வழியிலேயே வராது. அது பாலிசிதாரர்களின் பிரீமியம். ஓட்டெடுப்பு கிடையாது, கணக்கைப் பார்ப்பதும் சி.ஏ.ஜி. இல்லை, அரசின் ஒப்புதலோடு எல்.ஐ.சி.யே நியமிக்கும் ஆடிட்டர்கள். அப்போ நாடாளுமன்றத்துக்கு இதில் என்ன வேலை? அரசு நிறுவனம் என்றால் தன்னாட்சி வேண்டும், அன்றாட முடிவுகளில் எம்.பி.க்கள் தலையிடக் கூடாது என்பது அன்று வலுவான வாதம். அதில் நியாயமும் இருக்கு. ஆனால் அந்த முடிவை எடுத்ததே எல்.ஐ.சி. இல்லை, அமைச்சகம் என்றால்?

அதுதான் முந்த்ரா விவகாரம். 1957 ஜூனில் கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. முந்த்ரா அப்போது பணமுடையில் தத்தளித்துக்கொண்டிருந்தார். எல்.ஐ.சி.க்கு முதலீட்டுக் குழு என்று ஒன்று இருந்தும் அதைக் கேட்கவே இல்லை. டிசம்பர் 16-ல் ஃபெரோஸ் எழுந்தார். கல்கத்தா பங்குச் சந்தை விலைகளைத் தேதிவாரியாக எடுத்து வைத்தார். எல்.ஐ.சி. வாங்குவதற்கு முந்தைய நாட்களில் அந்தப் பங்குகளின் விலை ஏறியிருந்தது, வாங்கிய பிறகு இறங்கியது. சந்தையை நிலைநிறுத்தவே வாங்கினோம் என்ற விளக்கம் இந்தக் கணக்குக்கு முன் எடுபடவில்லை.

எதிரே நின்ற நிதியமைச்சர் நம்ம ஊர்க்காரர், டி.டி. கிருஷ்ணமாச்சாரி. சென்னையில் டிடிகே சாலை இவர் பெயரில்தான். பிரஸ்டீஜ் குக்கர் தயாரிக்கும் டிடிகே குழுமத்தைத் தொடங்கியவரும் இவரே. நேரு மிகவும் நம்பிய திறமைசாலி. அவரைத்தான் நேருவின் மருமகனே கேள்வி கேட்டார்.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் ஒரு நபர் விசாரணை அமைந்தது. பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை, வெளியே நின்ற கூட்டத்துக்கு ஒலிபெருக்கி! ஆண்டுக்கணக்கில் இழுக்கிற விசாரணைக் கமிஷன்களையே பார்த்துப் பழகிய நமக்கு ஆச்சரியமாக இருக்கும், சில வாரங்களில் அறிக்கை வந்துவிட்டது. நிதித்துறைச் செயலாளர் எச்.எம். படேல், அமைச்சருக்குத் தெரிந்தே நடந்தது என்றார். அமைச்சர் மறுத்தார். செயலாளர் செய்ததற்கு அமைச்சர்தான் பொறுப்பு என்று சாக்ளா முடிவு செய்தார். 1958 பிப்ரவரியில் டிடிகே ராஜினாமா செய்தார். பட்ஜெட்டுக்கு சில நாட்களே பாக்கி என்பதால், அதை நேருவே தாக்கல் செய்ய வேண்டியதாயிற்று. (டிடிகே 1963-ல் மறுபடி நிதியமைச்சர் ஆனார் என்பது தனிக்கதை.)

அவர் கொண்டுவந்த சட்டம்

முந்த்ரா விவகாரம் அளவுக்கு ஃபெரோஸின் இன்னொரு வேலை பேசப்படுவதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் பெரிசு. சபைக்குள் பேசும் எம்.பி.க்கு அவதூறு வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. அதே பேச்சை அச்சிடும் பத்திரிகைக்கு அந்த அளவுக்குப் பாதுகாப்பு இல்லை. கேள்வி சபைச் சுவருக்குள்ளேயே முடங்கினால் என்ன பிரயோஜனம்? நாடாளுமன்ற நடவடிக்கையை உள்நோக்கமின்றி, உள்ளபடி வெளியிட்டால் வழக்குப் போட முடியாது என்று தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசு கொண்டுவராத தனிநபர் மசோதா சட்டமாவது ரொம்ப அபூர்வம். இது 1956-ல் சட்டமானது. அடுத்த வருஷம் முந்த்ரா கதையைப் பத்திரிகைகள் எழுதியபோது அந்தச் சட்டம் கையில் இருந்தது.

1960 செப்டம்பர் 8-ல் மாரடைப்பால் ஃபெரோஸ் இறந்தார். 48-வது பிறந்தநாளுக்கு நாலு நாள் பாக்கி. 1964-ல், பொதுத்துறை நிறுவனங்களின் கணக்குகளை ஆராய்வதற்கென்றே பொதுத்துறை நிறுவனங்கள் குழு என்ற நாடாளுமன்றக் குழு உருவானது. 1956-ன் சட்டத்தை 1975 டிசம்பரில், நெருக்கடி நிலையின்போது, இந்திரா அரசு ரத்து செய்தது. 1977-ல் ஜனதா அரசு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்தப் பாதுகாப்பு இப்போது 361ஏ என்ற பிரிவாக அரசியல் சாசனத்துக்குள்ளேயே இருக்கிறது.