வியாதியோடு வாழ்ந்த எழுத்தாளர் பிளானரி ஓகானர்



நெடுநாள் நோயாளி ஒருவர் இருக்கும் வீடு நம் பங்கின் எந்தத் தெருவிலும் உண்டு. ஒரு வைத்தியர் மூட்டுவாதம் என்கிறார். மற்றொருவர் இரத்தத்தில் கோளாறு என்கிறார். மூன்றாமவர் இன்னும் பரிசோதனை வேண்டும் என்கிறார். இதற்கிடையில் ஸ்டீராய்டு மாத்திரை நாள் தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. வலி குறைகிறது; ஆனால் முகம் உப்புகிறது, இராத்தூக்கம் போய்விடுகிறது. இந்த மருந்து நல்லதா, கெட்டதா? நிறுத்திவிடலாமா? நோயின் உண்மைப் பெயர்தான் என்ன? அது தெரிய வந்தால் நோயாளியிடம் சொல்லலாமா?

இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் தம் சரீரத்திலேயே தாங்கி வாழ்ந்த ஒரு பெண்மணியின் சரித்திரத்தை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லுகிறோம். அவர் அமெரிக்க நாட்டின் பேர்பெற்ற கதாசிரியர்களில் ஒருவரான பிளானரி ஓகானர்.

அவர் 1925-ம் ஆண்டு மார்ச் 25-ம் நாள், மங்கள வார்த்தைத் திருநாளன்று, ஜார்ஜியா மாநிலத்துச் சவன்னா நகரில் பிறந்தார். ஐரிஷ் வம்சத்துக் கத்தோலிக்கரான எட்வர்டு ஓகானருக்கும் ரெஜீனாவுக்கும் அவர் ஒரே பிள்ளை. சதுக்கத்தின் எதிர்ப்புறத்தில் ஸ்நாபக அருளப்பர் மேற்றிராசனக் கோவில். இப்புறத்தில் அவர்கள் வீடு. சிறுமிக்குக் கோழி வளர்ப்பதில் அலாதிப் பிரியம். பின்னோக்கி நடக்கும் கோழி ஒன்று அவளிடம் இருந்தது. அதைப் படம்பிடிக்கச் செய்திப்படக்காரர் ஒருவர் வந்தார் என்றால் பாருங்கள்!

பிளானரி பள்ளிச் சிறுமியாய் இருக்கையிலேயே தகப்பனாரின் உடல்நிலை கெட்டது. வைத்தியர்கள் அதற்கு லூபஸ் என்று பெயர் சொன்னார்கள். லத்தீன் மொழியில் அதற்கு ஓநாய் என்று பொருள். வீட்டைக் காக்க வைத்த காவற்காரனே வீட்டுக்காரரை அடிக்கத் தொடங்கினால் எப்படி இருக்கும்? இந்த நோயும் அவ்விதமே. வெளியிலிருந்து வரும் கிருமிகளை எதிர்க்க வேண்டிய இரத்தத்தின் சக்தி, சொந்த மூட்டுகளையும் தோலையும் சிறுநீரகங்களையும் தாக்குகிறது. ஒருவருக்கு மூட்டுவலியாய்த் தோன்றும்; மற்றொருவருக்குக் காய்ச்சலாய்த் தோன்றும்; இன்னொருவருக்குச் சோகையாய்த் தோன்றும். ஆகையால்தான் அதைக் கண்டுபிடிப்பது இத்தனை கடினம். அக்காலத்தில் அதற்கு உருப்படியான மருந்து கிடையாது. எட்வர்டு ஓகானர் 1941-ம் ஆண்டு பெப்ரவரி மாதம் இறந்தார். மகளுக்கு அப்போது பதினைந்து வயது.

பிளானரி 1945-ல் மில்லட்ஜ்வில் ஊரில் கல்லூரிப் படிப்பை முடித்து, வடக்கே அயோவா சர்வகலாசாலையில் எழுத்துக்கலை பயின்று, 1947-ல் பட்டம் பெற்றார். பிறகு கனெக்டிகட் மாநிலத்தில் ராபர்ட், சாலி பிட்ஸ்ஜெரால்டு என்னும் கத்தோலிக்கத் தம்பதிகளின் இல்லத்தில் தங்கித் தம் முதல் நாவலை எழுதிக்கொண்டிருந்தார். இனித் தம் வாழ்வெல்லாம் வடக்கேதான் என்று அவர் எண்ணியிருந்தார்.

1950-ம் ஆண்டு டிசம்பர் மாதம் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தபோது கைகளைத் தூக்கவே பாரமாய் இருந்தது. அவ்வூர் வைத்தியர் மூட்டுவாதமாய் இருக்கலாம் என்றும், ஊருக்குப் போனதும் முழுப் பரிசோதனை செய்துகொள்ளும்படியும் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு இரயிலேறினார். வழியிலேயே கடும் நோய் கண்டுவிட்டது. இரயிலடிக்கு வந்த மாமாவுக்கு அவரை அடையாளம் தெரிவதே கஷ்டமாயிற்று. இருபத்தைந்து வயதுப் பெண் கிழவரைப்போல் இறங்கி வந்தாராம்.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் கடுமையான மூட்டுவாதம் என்றே தீர்மானித்தார்கள். காய்ச்சலோ இறங்கவில்லை. அட்லாண்டா நகரத்து டாக்டர் ஆர்தர் மெரில் என்பவரிடம் தொலைபேசியில் விவரம் சொல்லிக் கேட்டபோது, இது லூபஸாய் இருக்கக்கூடும் என்று அவர் சந்தேகித்தார். 1951-ம் ஆண்டு பெப்ரவரியில் எமரி சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் அந்தச் சந்தேகம் உறுதியாயிற்று. தகப்பனாரைக் கொண்டுபோன அதே வியாதி!

இவ்விடத்தில் சற்று நின்று, தகப்பனார் மரணத்துக்கும் மகள் நோய்க்கும் இடையில் நடந்ததைக் கவனியுங்கள். 1948-ம் ஆண்டு மினசோட்டா மாநிலத்து மேயோ வைத்தியசாலையில் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. ஹார்கிரேவ்ஸ் என்னும் வைத்தியரும் அவருடைய துணைவர்களும், லூபஸ் நோயாளிகளிடம் காணப்படும் ஒருவித அணுவைப் பூதக்கண்ணாடியில் கண்டறிந்து எழுதினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஹென்ச் என்னும் வைத்தியர், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட, சில நாளில் அவர் எழுந்து நடந்தார். அந்த மருந்துக்கு வழிகோலியவர்களுக்கு 1950-ல் நோபெல் பரிசு கிடைத்தது. தகப்பனாருக்கு இல்லாத மருந்து மகளுக்குக் கிடைத்தது, பத்தே ஆண்டு வித்தியாசத்தில்!

பிளானரிக்குக் கொடுத்தது ஏ.சி.டி.எச். என்னும் மருந்து. பன்றிகளின் மூளையடியில் உள்ள சிறு சுரப்பியிலிருந்து அதை எடுத்தார்கள். அது நம் சிறுநீரகங்களின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பிகளை முடுக்கி, உடம்பிலேயே ஸ்டீராய்டைச் சுரக்கச் செய்யும். தம் உயிர் சிக்காகோவில் வெட்டப்படும் ஆயிரக்கணக்கான பன்றிகளின் புண்ணியத்தில் நிற்கிறது என்று அவர் பிற்பாடு வேடிக்கையாய் எழுதினார்.

மருந்து உயிரைக் காத்தது, கூலியும் கேட்டது. முகம் பூசணிக்காயைப்போல் உருண்டது. காய்ச்சலின் கடுமையால் தலைமயிர் உதிர்ந்தது. பெரும் அளவில் மருந்து போனபோது மனம் இரவும் பகலும் ஓயாமல் ஓடியது. உப்பில்லாத சாப்பாடு. தமக்குத் தாமே ஊசி குத்திக்கொள்ளவும் கற்றுக்கொண்டார். மாடிப்படி ஏற முடியாததால், தாயார் மில்லட்ஜ்வில்லுக்கு நாலு மைல் வடக்கே இருந்த ஆண்டலூசியா என்னும் பால்பண்ணைக்குக் குடிபெயர்ந்து, கீழ்த்தளத்து அறையை மகளுக்கு ஒதுக்கினார்.

ஆனால் ரெஜீனா அம்மாள் ஒன்றை மட்டும் மகளிடம் சொல்லவில்லை. அது நோயின் பெயர்.

அந்தத் தாயைக் குறைகூற நமக்கு மனம் வருமா? அதே நோயினால் புருஷனைப் பறிகொடுத்தவர். பெயரைக் கேட்டாலே மகள் மனமுடைந்து போவாள் என்று அஞ்சினார். நம்மில் எத்தனை வீடுகளில் இதுவே நடக்கிறது! மருந்துச் சீட்டை ஒளித்து வைக்கிறோம். வைத்தியரிடம் தனியே பேசுகிறோம். ஒன்றுமில்லை, சாதாரண வாதம்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, சமையலறையில் போய் அழுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம், ஆனால் அதன் பலன் என்ன?

பிளானரிக்கு ஒன்றரை ஆண்டுக் காலம் மூட்டுவாதம் என்றே சொல்லி வந்தார்கள். ஆனால் தகப்பனார் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்த மகளல்லவா? தம் நோய் அதுவாகத்தான் இருக்குமென்று அவருக்கு உள்ளூர ஒரு சந்தேகம். சுற்றியுள்ள எல்லாரும் இல்லையென்று சாதிக்கவே, தம் புத்திதான் பேதலிக்கிறதோ என்று பயந்தார். 1952-ம் ஆண்டு கோடையில் பிட்ஸ்ஜெரால்டு குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தபோது, சாலி அம்மாளுக்கு இதைப் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் மோட்டாரில் போகையில் உண்மையைச் சொல்லிவிட்டார். பிளானரியின் கை நடுங்கியது. ஆயினும் அவர் செய்த முதல் காரியம் நன்றி சொன்னதுதான். பைத்தியமாய் இருப்பதைவிட நோயாளியாய் இருப்பது எவ்வளவோ மேல் என்பது அவர் எண்ணம்.

வாசகர்களே, இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அவர் நோயின் பெயரைக் கேட்டு ஒடிந்துபோகவில்லை; பெயர் இல்லாத இருட்டுத்தான் அவரை வாட்டியது.

உண்மை தெரிந்தபின் அவர் என்ன செய்தார்? வடக்கே திரும்பும் ஆசையை விட்டார். இனி இருக்குமிடம் ஆண்டலூசியாதான் என்று தீர்மானித்து, மயில்களை வரவழைத்து வளர்க்கத் தொடங்கினார். நாளடைவில் பண்ணையெங்கும் மயில்கள் பெருகின. தம் வாழ்வுக்கு ஓர் ஒழுங்கும் வகுத்துக்கொண்டார். காலையில் தாயாரோடு திரு இருதயக் கோவிலில் பூசை. வந்தவுடன் மேசைமுன் அமர்ந்து மூன்று மணி நேரம் எழுத்து. அதற்கு மேல் உடம்பு இடங்கொடாது. பிற்பகலில் ஓய்வும், பறவைகளும், நண்பர்களுக்குக் கடிதங்களும். இந்த மூன்று மணி நேரத்தில்தான் 1955-ல் வந்த சிறுகதைத் தொகுதியும், 1960-ல் வந்த இரண்டாம் நாவலும் உருவாயின. முதல் நாவலான வைஸ் பிளட் 1952-லேயே வெளிவந்துவிட்டது.

நோயின் பெயர் தெரிந்துவிட்டதால் குழப்பமெல்லாம் தீர்ந்ததோ? இல்லை. இடுப்பு மூட்டில் வலி கண்டது, கைத்தடி பிடித்தார். 1955-ல் இரண்டு கைகளிலும் ஊன்றுகோல் வந்துவிட்டது. தொடை எலும்பின் தலைப்பாகம் இரத்த ஓட்டமின்றி நைந்து போகிறது என்றார்கள். இது லூபஸின் வேலையா, மருந்தின் வேலையா? ஐந்து ஆண்டுக்குப் பின், 1960-ம் ஆண்டு இறுதியில், தாடை எலும்பும் கெட ஆரம்பித்தபோதுதான் விடை கிடைத்தது. பத்து ஆண்டுகளாக உயிரைக் காத்துவந்த ஸ்டீராய்டே எலும்பை அரித்து வந்திருக்கிறது! டாக்டர் மெரில் மருந்தைக் கொஞ்சங் கொஞ்சமாய்க் குறைத்துப் பார்க்க முயன்றார். ஆனால் மூட்டுநோயோடு உயிரோடிருப்பது, மூட்டுநோய் இன்றிச் சாவதைவிட மேல் என்பதையும் அவர் மறைக்கவில்லை. மறு ஆண்டு, இடுப்புக்கு இரும்பு மூட்டு வைக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, கத்தி பட்டால் அடங்கியிருக்கும் லூபஸ் கிளம்பிவிடும் என்று அவரே தடுத்தார்.

இதற்கு முன், 1958-ல், லூர்து மாதா காட்சி தந்த நூற்றாண்டில், வயதான உறவுக்கார அம்மாள் ஒருவர் செலவைக் கொடுத்து அவரை லூர்துக்கு அனுப்பினார். எல்லார் முன்னிலையிலும் அந்தத் தொட்டியில் இறங்க அவருக்கு விருப்பமேயில்லை. சாலி அம்மாளின் வற்புறுத்தலுக்காக இறங்கினார். அங்கே எலும்புக்காக அல்ல, எழுதி முடியாதிருந்த நாவலுக்காகவே வேண்டிக்கொண்டதாய்ப் பிற்பாடு சொன்னார். அவ்வாண்டில் எடுத்த எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு சற்றுத் தேறியிருந்தது. ஊன்றுகோல் மட்டும் கடைசிவரை அவரை விடவில்லை. நாவல் முடிந்தது.

1964-ம் ஆண்டு பெப்ரவரியில், கடும் சோகைக்குக் காரணமான கர்ப்பப்பைக் கட்டியை அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் பயந்தபடியே லூபஸ் மறுபடியும் எழும்பிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணைக்கடியில் காகிதங்களை ஒளித்து வைத்துக் கடைசிக் கதைகளைத் திருத்தினார். ஜூலையில் தாமாகவே கேட்டு அவஸ்தைப்பூசுதல் பெற்றார். ஆகஸ்ட் 3-ம் நாள், சிறுநீரகங்கள் ஓய்ந்துபோக, முப்பத்தொன்பதாம் வயதில் கண்மூடினார். தகப்பனார் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அவருடைய சிறுகதைகளின் முழுத் தொகுதிக்கு 1972-ல் அமெரிக்க தேசியப் புத்தகப் பரிசு கிடைத்தது.

அன்பர்களே, இந்தச் சரித்திரத்திலிருந்து நம் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை என்ன?

முதலாவது, பெயர் தெரியாத நோயை அலட்சியம் செய்யாதீர்கள். கண்டுபிடிக்கக் காலமாகிறதே என்று சலிப்படையவும் வேண்டாம். பிளானரிக்கு இல்லாத இரத்தப் பரிசோதனைகள் இன்று உண்டு. ஆரம்பத்திலேயே கண்டு, சிறுநீரையும் அடிக்கடி சோதித்து வந்தால் சிறுநீரகங்களைக் காக்க வழி இருக்கிறது. மலேரியாவுக்கு வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் முதலிய மருந்துகளின் துணையால், ஸ்டீராய்டின் அளவை அன்றைக்கு இருந்ததைவிட வெகுவாய்க் குறைக்கவும் முடிகிறது.

இரண்டாவது, பல நாள் உண்ட ஸ்டீராய்டை முகம் வீங்குகிறதென்று நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டிருக்கையில் உடம்பின் சொந்தச் சுரப்பி உறங்கிவிடுகிறது. அது விழிக்குமுன் மருந்து நின்றால் உயிருக்கே ஆபத்து. குறைப்பது வைத்தியர் கையில் படிப்படியாய் நடக்க வேண்டும். என்ன மருந்து, எவ்வளவு, எந்த நாளிலிருந்து என்பதை ஒரு சீட்டில் எழுதிவைத்து, பல் வைத்தியர் உட்பட எல்லா வைத்தியரிடமும் காட்டுங்கள். எலும்பைப் பாதுகாக்க என்ன செய்யலாம் என்றும், புதிதாய் இடுப்பு வலி கண்டால் அதன் காரணத்தையும் தயங்காமல் கேளுங்கள்.

மூன்றாவது, நோயாளியிடம் உண்மையை அன்போடு சொல்லுங்கள். ஏற்ற நேரம் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். சொன்னபின் தனியே விட்டுவிடாதீர்கள். ரெஜீனா அம்மாள் பெயரை மறைத்தார் என்று சொன்னோம். அதே அம்மாள்தான் பதின்மூன்று ஆண்டுகள் மகளைக் கோவிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போய், பண்ணையையும் நடத்தி, உயிரைப்போல் காத்தார். மகள் அதையும் மறக்கவில்லை.

பிளானரி ஓகானர் தினந்தோறும் ரபாயேல் சம்மனசை நோக்கி ஒரு ஜெபம் சொல்லுவதுண்டு. வழிப்பயணத்தில் துணைவராய் வந்து, குருடான முதிய தோபியாசுக்குப் பார்வை கிடைக்க வழி காட்டிய சம்மனசு அவர். நம் தெருவில் நெடுநாள் நோயோடு இருப்பவருக்கும் அப்படி ஒரு வழித்துணை வேண்டியிருக்கிறது. இந்த ஞாயிறு பூசை முடிந்து போகும் வழியில் அந்த வீட்டுக்குள் நுழைந்து, ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். முகம் வீங்கியிருக்கிறதே என்று மட்டும் கேட்காதீர்கள்.