ஒற்றைப் பிரதியைத் தேடிப்போன கரம்பொன் மாணவர்

தனிநாயகம் அடிகளாரின் பெயரைச் சொன்னால் நம்மில் பலருக்கு 1974 தை மாதம்தான் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காவது தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள், வீரசிங்கம் மண்டபத்தடியில் பறிபோன உயிர்கள், இன்றும் ஆண்டுதோறும் அங்கே ஏற்றப்படும் விளக்குகள். அந்த மாநாடுகள் தொடங்கக் காரணமாக இருந்தவர் அவர் என்பதால் அந்த நினைவு நியாயமானதுதான். தீவகத்தில் பிறந்த எனக்கோ அவருடைய இன்னொரு வேலை அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. வெளிநாட்டில் படித்த ஒருவர், தமிழின் ஆதி அச்சுப் புத்தகங்களைத் தேடித்திரிந்து, ஒன்றே ஒன்றாக எஞ்சிக் கிடந்ததை மறுபடி பலவாக்கிய வேலை அது.

1913 ஓகஸ்ட் 2 ஆம் திகதி, ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் கரம்பொன்னில் பிறந்தார். வைத்த பெயர் சேவியர். தகப்பன் வழி நெடுந்தீவு. தனிநாயகம் என்பது அந்த வழி முன்னோரின் பெயர், பிறகு தானாக எடுத்துக்கொண்டது. ஊரில் புனித அந்தோனியார் கல்லூரி, யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரி, கொழும்பில் குருமடம். 1934 இல் உரோமாபுரிக்குக் கப்பல் ஏறினார். 1938 இல் அங்கேயே குருவானார்.

அந்தக் காலத்து ஆங்கிலக் கல்லூரிப் பிள்ளைகள் பலரையும் போல, அவரும் தமிழை ஆழமாகப் படித்தது பிற்பாடுதான். உரோமையில் முனைவர் பட்டம் பெற்று, திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்து, அதற்கும் பிறகு 1945 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் படிக்கப் போனார். முப்பது வயது தாண்டிய பாதிரியார், இளையவர்களோடு வகுப்பில் உட்கார்ந்து சங்க இலக்கியம் படித்தார். 1950களில் இலண்டனில் இன்னொரு முனைவர் பட்டம். வாழ்க்கை முழுக்க மாணவராகவே இருந்த மனிதர் என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்த ஐம்பதுகளில்தான் ஐரோப்பிய நூலகங்களுக்குள் புகுந்தார். இலத்தீனும் இத்தாலியமும் போர்த்துக்கேயமும் தெரிந்த, தமிழும் தெரிந்த ஆள் அப்போது எத்தனை பேர்? அந்த அலுமாரிகளின் முன் நின்று இரண்டு பக்கத்தையும் வாசிக்கக் கூடியவர் அவர்.

அவர் எடுத்துக்காட்டியவற்றில் மூத்தது 1554 இல் லிஸ்பனில் அச்சான சிறு செப நூல். அங்கே வாழ்ந்த, தமிழ் தெரிந்த மூன்று இந்தியர் மொழிபெயர்த்தது. அச்சுக்குத் தமிழ் எழுத்து இன்னும் வார்க்கப்படாத காலம். ஆகவே தமிழ் உரோமன் எழுத்தில் நிற்கிறது. கறுப்பும் சிவப்புமாக இரு மையில் அடித்தது. அப்படி அடிப்பது லேசுப்பட்ட வேலை அல்ல. ஒரே தாள் இரண்டு தரம் அச்சில் ஏற வேண்டும். ஒரு மயிரிழை விலகினாலும் வரிமேல் வரி ஏறிவிடும். 24 ஆண்டு கழித்து, 1578 இல், கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் வந்தது. அதில் 16 பக்கங்கள்தான். இந்த முதல் புத்தகங்களின் வரலாற்றை ஒழுங்காக்கி, தான் 1952 இல் தொடங்கிய தமிழ்க் கல்ச்சர் இதழில் ஆங்கிலத்தில் எழுதினார்.

வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்டது இன்னும் பெரிய பொருள். அந்தம் தெ புரோயன்சா என்ற போர்த்துக்கேயக் குரு தொகுத்த தமிழ் - போர்த்துக்கேய அகராதி. கேரளத்து அம்பலக்காட்டில் 1679 இல், தொகுத்தவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு அச்சேறியது. அதற்கு மரத்தில் எழுத்துச் செதுக்கினார்கள் என்று பழைய குறிப்பு உண்டு. மரத்தில் செதுக்கும்போது ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். ணகரத்தின் சுழிகளை, ழகரத்தின் வாலை நினைத்துப் பாருங்கள். உளி கொஞ்சம் வழுக்கினால் சுழி உடைந்துவிடும், கட்டை வீண். இப்படி உருவான புத்தகத்தில், தெரிந்தவரையில் எஞ்சியது அந்த வத்திக்கான் பிரதிதான்.

கண்டுபிடித்தேன் என்று கட்டுரை எழுதிவிட்டு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. 1961 இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போய் இந்திய ஆய்வுத் துறைக்குத் தலைவரானவர், 1966 இல், முதலாவது தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடிய அதே ஆண்டில், அந்த அகராதியைப் படம் பிடித்து, பக்கம் மாறாமல் அப்படியே அச்சிட்டு வெளியிட்டார். மூன்று நூற்றாண்டுக்கு முன் பேச்சில் வழங்கிய சொற்களும் அதில் உள்ளன. மாநாடுகளைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதை நாங்கள் பேசுவதில்லை. எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு.

போர்த்துக்கேயர் எங்கள் தீவுகளுக்குத் தந்ததாக நாங்கள் காட்டுவது நெடுந்தீவில் இடிந்து நிற்கும் பவளக்கல் கோட்டையைத்தான். அவர்கள் காலத்துத் தமிழ்ச் சொற்களை அவர்களுடைய நாட்டுப் பக்கமே போய் எடுத்துவந்தவர் அந்தத் தீவுகளின் பிள்ளை.

1980 செப்டெம்பர் 1 ஆம் திகதி அவர் காலமானார். ஒன்பது மாதத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் புத்தகங்களும் அதில் போயின. 1990 ஆவணியில் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோது, கையில் அகப்பட்டதோடு சனம் படகேறியது. வேலணை, புங்குடுதீவு, கரம்பொன் வீடுகளில் இருந்த பள்ளிக்கூட மலர்கள், கோயில் திருவிழாப் பிரசுரங்கள், கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் அந்தியேட்டிப் புத்தகங்கள் எல்லாம் கூரையோடு போய்விட்டன. ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறைப் பெயர்கள் அந்தக் கல்வெட்டில் மட்டும்தான் அச்சில் இருந்திருக்கும்.

அவற்றில் சில இன்னும் கனடாவிலும் பிரான்சிலும் சூட்கேசுகளுக்குள் கிடக்கின்றன. போன வருடம் தெரிந்தவர்களிடம் கேட்கத் தொடங்கினேன்: அனுப்ப வேண்டாம், ஒவ்வொரு பக்கமாகத் தொலைபேசியில் படம் எடுத்து மூன்று பேருக்குக் கொடுங்கள் என்று. இதுவரை ஏழு கல்வெட்டுகள் வந்திருக்கின்றன. ஒன்றில் முன்னட்டை இல்லை. யாருடையது என்று உள்ளே உள்ள பெயர்களை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறோம்.