தறிக்கு மூளை தந்த ஜக்கார்டு

காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ பட்டு நெய்யும் வீடு ஒன்றினுள் எட்டிப் பார்த்தால், தறிக்கு மேலே கூரையை ஒட்டினாற்போல ஒரு பெட்டி அமர்ந்திருப்பதைக் காணலாம். அதிலிருந்து நூற்றுக்கணக்கான நூல்கள் மழைத் தாரைபோல் கீழே இறங்கும். பக்கத்தில் துளையிட்ட அட்டைகள் கோவையாகத் தொங்கும். நெசவாளர் மிதியை மிதிக்க மிதிக்க அட்டைகள் ஒவ்வொன்றாகப் புரளும். சேலைக் கரையில் மயிலின் தோகை இழை இழையாக விரியும். அந்தப் பெட்டிக்கு என்ன பெயர் என்று கேட்டால், ஜக்கார்டு என்பார்கள். அது பிரெஞ்சு தேசத்து நெசவாளி ஒருவருடைய பெயர் என்பதை நினைத்துப் பார்ப்பவர்கள் சிலரே.

ஜோசப் மரி ஜக்கார்டு 1752-ஆம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி லியோன் நகரில் பிறந்தார். நம் நாட்டுக்குக் காஞ்சி எப்படியோ அப்படிப் பிரெஞ்சு தேசத்துக்கு லியோன். ராஜ சபைகளில் பளபளத்த பூவேலைப் பட்டுகளில் பெரும் பகுதி அந்நகரத்துத் தறிகளிலிருந்து இறங்கியவையே. தந்தை சரிகைப் பட்டு நெய்யும் தலைமை நெசவாளர். பெற்றோருக்குப் பிறந்த குழந்தைகள் ஒன்பது பேரில் பெரியவர்களாக வளர்ந்தவர்கள் ஜோசப்பும் அவர் சகோதரி ஒருத்தியுமே. பத்து வயதில் தாயை இழந்தார். பதின்மூன்று வயது வரையில் எழுத்து வாசனையே கிடையாது. சகோதரியின் கணவர் அச்சுத் தொழிலும் புத்தக வியாபாரமும் செய்தவர். அவர்தாம் மைத்துனனை அருகில் உட்காரவைத்து எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்தார்.

கயிறு இழுத்த பிள்ளைகள்

அந்தக் காலத்துப் பூவேலைத் தறியை ஒருவர் மட்டும் இருந்து நெய்ய முடியாது. நெசவாளர் நாடாவை ஓட்டுவார். பாவின் எந்தெந்த இழைகள் மேலே எழும்ப வேண்டுமோ அந்த இழைகளுக்குரிய கயிறுகளைப் பிடித்து இழுக்க இன்னொருவர் வேண்டும். பெரும்பாலும் அது சிறுவன் அல்லது சிறுமியின் வேலை. ஓர் ஊடை ஓடுவதற்கு ஒரு முறை இழுக்க வேண்டும். அடுத்த ஊடைக்கு வேறு கயிறுகள். காலையில் தொடங்கினால் இருட்டும் வரையில் இதே வேலை. கனமான பாவைத் தூக்கித் தூக்கிக் குழந்தைகளின் கையும் முதுகும் ஓய்ந்துபோகும். ஜக்கார்டும் சிறு வயதில் தந்தையின் தறியில் கயிறு இழுத்தார், அது தாளாமல் வேறு வேலைக்குப் போனார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லுவார்கள். அது முழுதும் உண்மையோ அல்லவோ, நெசவாளர் வீட்டுப் பிள்ளையின் கண்ணில் அந்தக் காட்சி படாமல் இருந்திருக்காது.

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. பூவின் வடிவம் முழுவதும் கயிற்றுக் கட்டிலேயே அடங்கியிருந்தது. ரோஜாவை நிறுத்திவிட்டுத் திராட்சைக் கொடி நெய்ய வேண்டுமானால் தறியை நிறுத்த வேண்டும். பழைய கட்டை அவிழ்க்க வேண்டும். புதிதாக வாரக்கணக்கில் உட்கார்ந்து கட்ட வேண்டும். அந்த நாட்களில் நெசவு இல்லை, கூலியும் இல்லை. பாரிஸ் நகரத்துச் சீமாட்டிகளோ பருவத்துக்குப் பருவம் புதுப் பூவைக் கேட்டார்கள்! தறி மாறாமல் பூ மட்டும் மாற வேண்டும் என்பதுதான் லியோன் நகரத்தின் கனவு.

சொத்துப் போயிற்று, மகனும் போனான்

1772-ல் தந்தை காலமானார். வீடு, தறிகள், பட்டறை, ஊருக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டம், ஒரு கல் குவாரி எல்லாம் ஜக்கார்டுக்கு வந்தன. 1778-ல் வசதியுள்ள விதவையான கிளோதின் என்பவரை மணந்தார். அவரோ கணக்கு வழக்குத் தெரியாதவர். சில ஆண்டுகளுக்குள் கடன் கழுத்தை நெரித்தது. பிதுரார்ஜிதம் கை மாறியது. மனைவியின் சீதனமும் கரைந்தது. அவர் சுண்ணாம்புக் காளவாயில் கூலிக்குப் போனார், மனைவி வைக்கோல் தொப்பி பின்னிக் குழந்தையைக் காப்பாற்றினாள் என்றும் சொல்வார்கள்.

பிறகு புரட்சி வந்தது. 1793-ல் பாரிஸ் ஆட்சிக்கு எதிராக லியோன் எழுந்தது. நகரம் முற்றுகையிடப்பட்டது. ஜக்கார்டும் பதினான்கு வயது மகனும் நகரைக் காக்க நின்றவர்களுடன் சேர்ந்து நின்றார்கள். அக்டோபரில் லியோன் வீழ்ந்தது. நகரை இடித்துத் தள்ளவும் லியோன் என்ற பெயரையே ஒழிக்கவும் பாரிஸிலிருந்து உத்தரவு பிறந்தது. தந்தையும் மகனும் தப்பி ஓடி, பெயரை மாற்றிக்கொண்டு, தங்களை வேட்டையாடிய அதே புரட்சிப் படையிலேயே சிப்பாய்களாகச் சேர்ந்தார்கள். விதியின் விளையாட்டை என்னென்பது! 1797 வாக்கில் ரைன் நதிப் பக்கத்துப் போரில் அந்த ஒரே மகன் மாண்டான். தந்தையின் அருகிலேயே குண்டு பட்டு விழுந்தான் என்பர்.

ஜக்கார்டு லியோனுக்குத் திரும்பியபோது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் காசு இல்லை, வீடு இல்லை, பேர் சொல்லப் பிள்ளை இல்லை. பலர் வாழ்வில் கதை முடிந்துபோகும் இந்த இடத்தில்தான் அவருடைய கதை தொடங்குகிறது.

பழம் பொருள் சாலையில் கிடைத்த திறவுகோல்

1800-ல் கயிறு இழுக்கும் ஆளைக் குறைக்கும் தறி ஒன்றைச் செய்து பதிவு பெற்றார். மறு ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் அதற்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. உண்மையில் அந்தத் தறி பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை. அடுத்தபடியாக மீன் வலை பின்னும் யந்திரம் ஒன்று செய்தார். அந்த யந்திரம் அவரைப் பாரிஸுக்கு இட்டுச் சென்றது. தொழிற்கலைக் காட்சிசாலையில் வேலையும் வாங்கிக் கொடுத்தது. அங்கே தூசி படிந்து கிடந்த பழைய யந்திரங்களில் வோக்கான்சன் என்ற மேதை செய்த தறியும் ஒன்று.

நியாயத்தைச் சொல்ல வேண்டுமானால், துளையிட்டுத் தறியை ஆட்டுவிக்கும் யோசனை ஜக்கார்டின் மூளையில் முளைத்ததன்று. லியோனில் பூஷோன் என்பவர் 1725-லேயே துளையிட்ட காகிதச் சுருளைத் தறியில் பொருத்தினார். அவருக்குப் பின் வந்த பால்கோன் காகிதத்தைத் தள்ளிவிட்டு அட்டைகளைக் கோத்தார். ஆனால் அட்டையைப் பிடித்து அழுத்த ஓர் ஆள் தேவைப்பட்டது. 1745-ல் வோக்கான்சன் அந்த ஆளையும் நீக்கி, தறியின் உச்சியில் துளைகள் கொண்ட உருளையை ஏற்றினார். ஆனால் உருளையின் சுற்றளவு எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பூ. அதற்குமேல் திரும்பத் திரும்ப அதேதான். ஒருவரிடம் இருந்தது மற்றவரிடம் இல்லை. இருவருடையதையும் ஒரே தறியில் கூட்டிவைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது ஜக்கார்டுக்கு. அவர் தறி 1804-ல் உருப்பெற்றது.

அதன் சூட்சுமம் இவ்வளவுதான். தறியின் உச்சியில் கொக்கிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கொக்கிக்கும் ஓர் ஊசி. நாலு பக்கக் கட்டை ஒன்று அட்டையைக் கொண்டுவந்து ஊசி முனைகளில் மோதும். துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே புகுந்துவிடும். அதன் கொக்கி நிமிர்ந்தே நிற்கும். மேலே எழும் இரும்புத் தகடு அதைப் பிடித்துத் தூக்க, அதோடு பாவு இழையும் எழும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும், கொக்கி சாய்ந்துவிடும், இழை அசையாது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அடுத்த ஊடைக்குக் கட்டை திரும்பும், அடுத்த அட்டை வரும். சற்று முன்பு நிமிர்ந்து நின்ற கொக்கி இப்போது சாயும், சாய்ந்தது நிமிரும். எந்தக் கொக்கிக்கு இப்போது வேலை, எதற்கு ஓய்வு என்பதைத் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அட்டை மாற்றி மாற்றி அமைத்துக்கொண்டே போகும்.

பூவை மாற்ற வேண்டுமா? அட்டைக் கோவையைக் கழற்றிவிட்டு வேறு கோவையை மாட்டினால் போதும். கயிற்றுக் கட்டை அவிழ்க்க வேண்டியதில்லை. கோவை எவ்வளவு நீளமோ அவ்வளவு பெரிய பூ! இன்று கைப்பேசியில் எண்களைத் தட்டிக்கொண்டிருக்கிறோம். கடிதம் எழுதப் போனால் அதே கண்ணாடியில் எண்கள் மறைந்து தமிழ் எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. படம் பிடிக்கப் போனால் அவையும் மறைந்து வேறு பொத்தான்கள் முளைக்கின்றன. கருவியைப் பிரித்துக் கட்டுவார் யாரும் இல்லை. கருவி அப்படியே இருக்க, அதற்கு இடும் கட்டளையை மாற்றினால் அதன் முகமே மாறும் என்பதைத் தொழிற்சாலை உலகம் கண்ணாரக் கண்டது இந்தப் பட்டுத் தறியில்தான்.

சக்கரவர்த்தியின் தயவு, ஊராரின் கோபம்

1805 ஏப்ரலில் சக்கரவர்த்தி நெப்போலியனும் ராணி ஜோசபினும் லியோனுக்கு வந்து தறியைப் பார்வையிட்டார்கள். தறி பொதுச் சொத்தாக்கப்பட்டது. கண்டுபிடித்தவருக்கு ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 3,000 பிராங்க் உபகாரச் சம்பளம். ஆறு ஆண்டுகளுக்குத் தறி ஒன்றுக்கு 50 பிராங்க் வீதம் பங்கு. கடனில் மூழ்கிக் கிடந்தவருக்கு இது பெரிய வரவுதான். ஆனால் இந்தத் தறியால் மற்றவர்கள் பின்னால் குவித்த செல்வத்தோடு ஒப்பிட்டால் இது சோற்றுப் பருக்கை.

ஊரில் எல்லோரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. கயிறு இழுத்தும் கயிறு கட்டியும் பிழைத்த குடும்பங்கள் பல. முதுகு ஒடிய இழுத்த பிள்ளைக்கு விடுதலை என்று சொல்வது எளிது. அந்தப் பிள்ளை கொண்டுவந்த காசுக்கு வீட்டில் வழி என்ன? ஜக்கார்டை ரோன் நதியில் தள்ளப் பார்த்தார்கள், அவருடைய தறியை நடுச் சதுக்கத்தில் போட்டு உடைத்தார்கள் என்றெல்லாம் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். போதிய ஆதாரம் இல்லை என்று ஆராய்ச்சியாளர்கள் தலையசைக்கிறார்கள். ஆனாலும் அப்படி ஒரு கதை பிறக்கும் அளவுக்கு மனக்கசப்பு இருந்தது என்பதில் ஐயமில்லை.

தறியிலும் குறை இருந்தது. ஆரம்பத்தில் அட்டை இயக்கம் அடிக்கடி தடுமாறியது. அதைச் சீராக்கியவர் பிரெத்தோன் என்ற மற்றொரு கைவினைஞர். 1815 வாக்கில் அவர் செய்த திருத்தங்களுக்குப் பிறகே தறி மளமளவென்று பரவியது. இன்று உலகம் உச்சரிப்பது ஒரே ஒரு பெயர். பூஷோன், பால்கோன், பிரெத்தோன் ஆகியோரைச் சரித்திர மாணவர்கள் தவிர யாருக்குத் தெரியும்?

புதுத் தறி உயரமானது; பழைய வீடுகளில் நுழையாது. லியோனில் குருவா ரூஸ் என்ற குன்றின்மேல் நாலு மீட்டர் உயரக் கூரையோடு நெசவாளர் வீடுகள் எழுந்தன. தறியின் உயரம் வீட்டின் உயரத்தையே நிர்ணயித்துவிட்டது! அந்த வீடுகளில் இருந்தவர்களுக்குச் சுகம் வந்ததா என்றால் இல்லை. கூலி சரிந்தது. 1831-லும் 1834 ஏப்ரலிலும் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், படை வந்தது, தெருக்களில் ரத்தம் ஓடியது. அவர்கள் கேட்டது தறியை ஒழிக்கும்படி அல்ல, நெய்ததற்கு நியாயமான கூலியை.

அப்போது ஜக்கார்டு லியோனுக்கு அருகில் ஊலான் என்ற சிற்றூரில் ஒதுங்கி வாழ்ந்துகொண்டிருந்தார். 1819-ல் அரசாங்கம் கௌரவச் சிலுவை அளித்திருந்தது. 1834 ஆகஸ்டு 7-ந் தேதி எண்பத்திரண்டாம் வயதில் அங்கேயே கண்ணை மூடினார். ஆறு ஆண்டுகள் கழித்து லியோன் நகரம் அவருக்குச் சிலை வைத்தது.

அவருடைய நகரத்து நெசவாளர்கள் அதற்குள் வேறொரு சிலையை வைத்துவிட்டார்கள். 1839-ல் அவருடைய உருவத்தையே அவருடைய தறியில் பட்டில் நெய்தார்கள். கையில் கவராயத்துடன் கிழவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்; பக்கத்தில் ஒரு சிறு தறி. அந்தப் படத்துக்குச் சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. பார்த்தவர்கள் அச்சடித்த சித்திரம் என்றே எண்ணினார்கள். பட்டு என்று சொன்ன பிறகுதான் கிட்டப் போய்ப் பார்த்தார்கள்.

அந்தப் பட்டுப் படங்களில் ஒன்று இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் சார்லஸ் பாபேஜ் என்ற கணித மேதை. எந்தக் கணக்கையும் போடக்கூடிய ஒரு மாபெரும் யந்திரத்துக்கு அவர் அப்போது திட்டம் வரைந்துகொண்டிருந்தார். ஒரு கணக்கு முடிந்து மறு கணக்கு தொடங்கும்போது பல் சக்கரங்களைக் கழற்றி மாட்டாமல் யந்திரத்துக்கு எப்படிக் கட்டளை இடுவது என்பது அவரை வாட்டிய கேள்வி. விடையை அவர் லியோன் தறியிலிருந்து எடுத்துக்கொண்டார். லண்டன் வீட்டில் ஜக்கார்டின் பட்டு உருவத்தை மாட்டிவைத்து, வரும் விருந்தாளிகளை அதன் முன் நிறுத்தி, இது எதனால் ஆனது சொல்லுங்கள் பார்க்கலாம் என்று சோதிப்பது அவருக்கு ஒரு வேடிக்கையாக இருந்தது.