செப்டம்பர் 5: வாழ்த்தும் வருத்தமும்

செப்டம்பர் 5 தோறும் பழைய மாணவர்கள் எனக்கு ஆசிரியர் தின வாழ்த்து அனுப்புகின்றனர். 1872-இல் அதே நாளில் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சிதம்பரனார்.

1906 அக்டோபர் 16-இல் ரூ.10 லட்சம் மூலதனத்துடன் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவு செய்து, தூத்துக்குடி - கொழும்பு இடையே கப்பல் விட்டார். அவ்வழித்தடத்தில் ஏகபோகம் செலுத்திய ஆங்கிலேய நிறுவனம், கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து அவரை வீழ்த்த முயன்றது.

1908-இல் இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் குறைந்தது. சிறையில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் வெளிவந்தபோது கப்பலும் இல்லை, வழக்குரைஞர் உரிமமும் இல்லை. 1936 நவம்பர் 18-இல் வறுமையில் மறைந்தார்.

போட்டியாளரை ஒழிக்கும் விலைக் குறைப்பைப் பல்லாண்டுகள் அயல்நாட்டு உதாரணங்களைக் கொண்டே விளக்கினேன். தூத்துக்குடியை ஒருமுறையும் சொல்லவில்லை. இன்று பொருளியல் கற்பிப்போர் அப்பிழையைச் செய்ய வேண்டாம்.