கம்பிச் சக்கரம் கண்ட ஸ்டார்லி

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலை அடுத்து, வட்டக்கானல் என்னும் சிற்றூர் உள்ளது. சோலைக்காடுகளும் பனிமூட்டமும் சூழ்ந்த அவ்வூருக்குச் செல்லும் பாதை ஏற்ற இறக்கமும் வளைவும் மிக்கது. காய்கறி மூட்டைகளை ஏற்றிய முச்சக்கர மிதிவண்டி ஒன்று அப்பாதையில் இறங்கி வருவதாக எண்ணிப் பாருங்கள். இருசக்கர மிதிவண்டி வளைவில் திரும்பும்பொழுது ஒரு பக்கம் சாயும்; ஆதலின், பாரம் சக்கரத்தின் வழியே நேராக இறங்கும். முச்சக்கர வண்டியோ அவ்வாறு சாயாது. ஆதலின், அதன் சக்கரங்கள் மேலிருந்து வரும் பாரத்தோடு, பக்கவாட்டில் வந்து நெருக்கும் விசையையும் தாங்க வேண்டும். மெல்லிய கம்பிகளால் ஆகிய சக்கரம் இத்தனையும் தாங்குவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை கண்டோருள் தலைசிறந்தவர் ஜேம்ஸ் ஸ்டார்லி ஆவார்.

இவர் இங்கிலாந்து நாட்டில், சசெக்ஸ் மாவட்டத்தைச் சார்ந்த ஆல்போர்ன் என்னும் சிற்றூரில், 1830-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஓர் உழவர். இளமையிலேயே வயல் வேலையில் ஈடுபட்டமையால், உயர்ந்த கல்வி பெறும் வாய்ப்பு இவருக்குக் கிட்டவில்லை. ஆயினும், எப்பொருளைக் கண்டாலும் அஃது எவ்வாறு இயங்குகின்றது என்று ஆராயும் இயல்பு இவரிடம் குடிகொண்டிருந்தது. உழவுத் தொழிலில் மனம் பற்றாமையால், இளமைப் பருவத்திலேயே வீட்டை விட்டு வெளியேறி, இலண்டனை அடுத்த லூயிஷாம் என்னும் ஊரை அடைந்தார். ஆங்கு, கப்பல் பொறிகள் செய்வதில் புகழ்பெற்ற ஜான் பென் என்பாரின் தோட்டத்தில் வேலைக்கு அமர்ந்தார். பகலில் செடி கொடிகளைப் பேணுவார். ஓய்வு நேரத்தில் கடிகாரங்களைப் பழுது பார்ப்பார்.

ஒருநாள், பென் அவர்களின் இல்லத்திலிருந்த தையற்பொறி பழுதுற்றது. அக்காலத்தில் தையற்பொறி எளிதில் கிடைக்காத அரும்பொருள். தோட்டக்காரர் ஸ்டார்லி அதனைக் கழற்றிப் பழுது நீக்கினார். அதனை மேலும் செம்மைப்படுத்தும் வழியையும் எடுத்துரைத்தார். அவருடைய திறமையை உணர்ந்த பென், தையற்பொறி செய்யும் ஜோசையா டர்னர் என்பாரிடம் அவரை அனுப்பிவைத்தார். பின்னர், டர்னரும் ஸ்டார்லியும் கவென்ட்ரி நகரை அடைந்து, ஆங்குத் தையற்பொறித் தொழிற்சாலை ஒன்றை நிறுவினர்.

சில ஆண்டுகளுக்குப் பின், டர்னரின் உறவினர் ஒருவர் பிரான்சு நாட்டிலிருந்து மிதிவண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் சக்கரங்கள் மரத்தால் ஆகி, இரும்புப் பட்டா இடப்பட்டிருந்தன. கல் பாவிய தெருவில் அது செல்லுங்கால், ஏறியவரின் எலும்பெல்லாம் குலுங்கும். அதனைக் கண்ட ஸ்டார்லி, எடை குறைந்ததும் உறுதி மிக்கதுமான சக்கரம் செய்தல் வேண்டும் என்று உறுதி பூண்டார்.

நம் மாட்டு வண்டிச் சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை என்னும் உறுப்புகள் உள்ளன. கீழேயுள்ள ஆரக்கால் தூணைப்போல நின்று பாரத்தைத் தாங்குகின்றது. ஆதலின் அது பருத்திருத்தல் வேண்டும். மெல்லிய கம்பியை நிறுத்தி அதன்மேல் கல்லை வைத்தால் கம்பி வளைந்துவிடும். அதே கம்பியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டாலோ எளிதில் தாங்கும். கம்பிச் சக்கரத்தின் நுட்பம் இதுவே. கம்பிகள் அனைத்தும் முன்னரே முறுக்கி இழுக்கப்பட்டிருப்பதால், அவை குடத்தையும் வட்டையையும் பிணைத்து நிற்கின்றன. இக்கருத்தை 1808-இலேயே ஜார்ஜ் கெய்லி என்னும் அறிஞர் எண்ணிப் பார்த்தார். 1869-இல் பாரிசு நகரத்து யூஜின் மேயர் அத்தகைய சக்கரத்துக்கு உரிமை பெற்றார்.

1870-இல் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மன் என்பாரும் ஏரியல் என்னும் மிதிவண்டிக்கு உரிமை பெற்றனர். அதன் சக்கரக் கம்பிகள் அனைத்தையும் நெம்புகோல் ஒன்றினால் ஒருங்கே இறுக்கலாம். மக்கள் அதனை விரும்பி வாங்கினர். வேறொருவராயின், அவ்வளவில் மனநிறைவு கொண்டிருப்பர். ஆனால், ஸ்டார்லி தம் சக்கரத்தின் குறையைத் தாமே கண்டார். குடத்திலிருந்து நேராகச் செல்லும் கம்பிகள் பாரத்தைத் தாங்கின. ஆயினும், மிதிக்கும்பொழுது குடம் முறுகும் விசையை எதிர்க்க அவற்றால் இயலவில்லை. ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே சீர்படுத்தவும் எளிதில் இயலவில்லை.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1874-இல் ஸ்டார்லி தம் பழைய முறையைக் கைவிட்டுப் புதிய சக்கரம் ஒன்றைச் செய்தார். அதில் கம்பிகள் நேராகச் செல்லாமல், குடத்தின் விளிம்பைத் தொட்டுச் சாய்ந்து சென்று, ஒன்றையொன்று குறுக்கிட்டன. ஒரு பாதிக் கம்பிகள் முன்னோக்கி இழுத்தன. மறுபாதிக் கம்பிகள் பின்னோக்கி இழுத்தன. எப்பக்கம் முறுகினும் எதிர்த்து நிற்க ஒரு கூட்டம் இருந்தது. இன்று நாம் காணும் மிதிவண்டிகளுள் மிகப் பலவற்றின் சக்கரம் இம்முறையில் அமைந்ததேயாகும்.

பின்னர், ஸ்டார்லியின் கருத்து முச்சக்கர வண்டியின்பால் சென்றது. 1876-இல் கவென்ட்ரி லீவர் என்னும் முச்சக்கர வண்டியைச் செய்தார். மறு ஆண்டில், வளைவில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு விரைவில் சுழலுதற்கேற்ற பல்லிணை அமைப்பை முச்சக்கர வண்டியில் பொருத்தினார். பெண்டிரும் முதியோரும் அச்சமின்றி வண்டியூர அது வழிவகுத்தது. 1881-இல் விக்டோரியா அரசியார் அவ்வகை வண்டிகள் இரண்டினை வாங்கினார். அவ்வாண்டு ஜூன் 17-ஆம் நாள், தம் 51-ஆம் வயதில் ஸ்டார்லி மறைந்தார். 1884-இல் கவென்ட்ரி மக்கள் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினர். 1885-இல் அவருடைய தமையன் மகனோ தம்பி மகனோ எனும் முறையினரான ஜான் கெம்ப் ஸ்டார்லி, இன்றைய மிதிவண்டிக்கு முன்னோடியான ரோவர் வண்டியைச் செய்தார்.

கடலுக்கு அப்பால் பிறந்த அத்தொழில் நம் நாட்டிலும் வேரூன்றியது. 1949-இல் தொடங்கப்பெற்ற நிறுவனத்தின் வழியே, சென்னையை அடுத்த அம்பத்தூரில் மிதிவண்டித் தொழில் வளர்ந்தது. முன் சக்கரத்துக்கு 32 கம்பிகளும், பின் சக்கரத்துக்கு 40 கம்பிகளும் பூட்டும் ஆங்கில வழக்கமும் நம் நாட்டில் பரவியது. முச்சக்கர வண்டிக்குச் சக்கரம் கட்டுவோர், பக்கவாட்டு நெருக்குதலைக் கருதி, குடத்தின் இரு விளிம்புகளையும் அகலமாகப் பிரித்து வைப்பர். தடித்த கம்பிகளைத் தேர்வர். ஆயினும், கம்பிகளின் இறுக்கம் ஒத்திராவிடின் இவையெல்லாம் பயன் தாரா. ஆதலின், தேர்ந்த தொழிலாளி ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டி ஓசை கேட்டு, கோட்டம் எடுப்பான். ஒரு கம்பி தளர்ந்தால், அதன் சுமை அடுத்த கம்பிகளின்மேல் ஏறும். நாளடைவில் அவையும் அறும்.

சந்தைக்குச் சரக்கேற்றிச் செல்லும் ஏழைத் தொழிலாளியும், கால் வலிமை இழந்து கையால் சுழற்றும் முச்சக்கர வண்டியை ஊர்ந்து செல்பவரும் இச்சக்கரத்தை நம்பியே வாழ்கின்றனர். வளைவில் அது மடங்கின் ஒருவருக்குப் பிழைப்புக் கெடும். மற்றவருக்கோ வீட்டு வாயிலே எல்லையாகிவிடும். பலரும் பாராட்டிய தம் படைப்பிலேயே குறை கண்டு, அதனைக் களைய முற்பட்ட உழவர் மகனின் உழைப்பு, இன்றும் அவர்களைத் தாங்கி நிற்கின்றது.